கம்பு நட்டவனுக்கே மலை

1872-ஆம் வருஷம் மே மாதம் 10-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி யுலிஸஸ் கிராண்ட் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தின் கீழேதான் என் உத்தியோக வாழ்வு முழுவதும் நடந்தது. பொன், வெள்ளி, செம்பு, ஈயம் முதலிய உலோகங்களைச் சர்க்கார் நிலத்தில் தேடுவதற்கும், கண்டால் தோண்டுவதற்கும், தோண்டியதைத் தன் சொந்தமாக்கிக்கொள்வதற்கும் அந்நாட்டுப் பிரஜைகளுக்கும் பிரஜையாக விரும்பி மனுச் செய்தவர்களுக்கும் வாசலைத் திறந்துவிட்ட அந்தச் சட்டம், கோவேறு கழுதையின் மேல் மண்வெட்டியையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு தனியே மலையேறிய மனிதனை மனத்தில் வைத்து இயற்றப்பட்டது. அந்த மனிதன் மறைந்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மலையையே பெயர்த்து எடுக்கும் கம்பெனிகள் அவனுடைய ஸ்தானத்தில் வந்து அமர்ந்துவிட்டன. சட்டம் மட்டும் அதன் மூல லட்சணத்தில் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும் என்று வாதாடியவர்களோடும், திருத்தலாகாது என்று வாதாடியவர்களோடும் நான் வேலை செய்திருக்கிறேன். இரு திறத்தாரும் எந்த விஷயத்தைப் பற்றி அதிகமாகச் சண்டையிட்டார்களோ அது முக்கியமான விஷயமல்ல என்ற அபிப்பிராயம் அனுபவத்தினால் எனக்கு ஏற்பட்டது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் சேலம் ஜில்லாக்காரன். சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளைக்கல் வெட்டும் பள்ளங்களைப் பார்த்து வளர்ந்தவன். சர்க்கார் புறம்போக்கில் கல் வெட்ட விரும்புகிறவன் மனுப் போடவேண்டும், சர்வேயர் வந்து அளக்கவேண்டும், குத்தகைப் பத்திரம் எழுதவேண்டும், வெட்டிய ஒவ்வொரு டன்னுக்கும் ராயல்டி கட்டவேண்டும் என்பதெல்லாம் எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. சென்னையில் பூகர்ப்ப சாஸ்திரம் படித்துவிட்டு, எழுபதுகளின் முற்பகுதியில் நெவாடா மாநிலத்து ரீனோ நகரத்துக்கு மேற்படிப்புக்காகப் போய், படிப்பு முடிந்ததும் ஒரு சுரங்கக் கம்பெனியில் சேர்ந்தபோது, முதல் நாளே மலைச்சரிவில் வைத்து என் மேலதிகாரியிடம் நான் கேட்ட கேள்வி, இந்த நிலத்துக்கு அனுமதி யாரிடம் வாங்கினோம் என்பதுதான். "யாரிடமும் வாங்க வேண்டியதில்லை. கம்பை நடுங்கள்" என்றார் அவர்.

கம்பு நடுவதுதான் அந்தத் தொழிலின் ஆதாரச் சடங்கு. நெவாடாவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலம் மத்திய சர்க்காருடையது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறத்துச் சேஜ் புதர்களும் வறண்ட குன்றுகளுமாகக் கிடக்கும். அதில் தாது ஓடுகிறதென்று நாம் கருதும் திசையில் 1,500 அடி நீளமும், அதன் இரு மருங்கிலும் 300 அடி அகலமுமாக ஒரு நீள்சதுரத்தை அளந்து, மூலைகளில் கம்பு நட்டு, ஓரிடத்தில் ஸ்தாபனக் கம்பு என்று ஒன்றை நிறுத்தி, கோரியவர் பெயரும் தேதியும் எழுதிய காகிதத்தை ஒரு தகர டப்பாவில் மடித்து வைத்து, அந்த டப்பாவைக் கம்பியினால் கம்போடு சேர்த்துக் கட்டிவிட்டால், அந்த இருபது ஏக்கர் நிலத்தின் கனிமத்தின் மேல் நமக்கு ஒரு பாத்தியதை பிறந்துவிடும். இதற்குக் கிளெய்ம் என்று பெயர். பிறகு தொண்ணூறு நாளுக்குள் கவுண்டிக் கச்சேரியில் பதிவு செய்தால் போதும். மூன்று பேர், ஓர் எஃகு நாடா, ஒரு திசைகாட்டி, வண்டி நிறையக் கம்புகள். விடியற்காலையில் புறப்பட்டால் அஸ்தமனத்துக்குள் ஒரு குன்றின் முதுகு முழுவதும் கம்பெனியின் பேருக்கு ஆகியிருக்கும். மறுநாள் அடுத்த குன்று.

சட்டப்படி பார்த்தால், பெறுமானமுள்ள தாதுவைக் கண்டுபிடித்த பிறகே கிளெய்ம் உயிர்பெறுகிறது. விவேகமுள்ள ஒரு மனிதன் தன் உழைப்பையும் பொருளையும் மேற்கொண்டு செலவிடத் துணியும் அளவுக்குத் தாது தென்பட்டிருக்க வேண்டும் என்று 1894-இல் ஒரு தீர்ப்பு வகுத்தது. அதைத் தோண்டி விற்று லாபம் காண முடிய வேண்டும் என்று 1968-இல் சுப்ரீம் கோர்ட் மேலும் வலியுறுத்தியது. ஆனால் நடைமுறையில் இந்தப் பரீட்சையை யாரும் நடத்துவதில்லை. சர்க்கார் பூகர்ப்ப நிபுணர் ஒருவர் வந்து ஒரு கிளெய்மைச் சோதித்து அறிக்கை எழுதுவதற்கு மாதக்கணக்காகும், வருஷக்கணக்கும் ஆகும். லட்சக்கணக்கான கிளெய்ம்களுக்கு அப்படிப்பட்ட நிபுணர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்தார்கள். 1976-ஆம் வருஷத்து நிலச் சட்டம் வரும்வரை தன் நிலத்தில் எத்தனை கிளெய்ம்கள் இருக்கின்றன என்ற ஜாபிதாவே மத்திய சர்க்காரிடம் இல்லை. கவுண்டிக் கச்சேரிகளின் தோல் அட்டைப் புஸ்தகங்களில் மட்டுமே அந்தக் கணக்கு இருந்தது. 1979 அக்டோபருக்குள் எல்லாக் கிளெய்ம்களையும் மத்திய நில நிர்வாக ஆபீஸிலும் பதிய வேண்டும் என்ற உத்தரவின்மேல், நூறு வருஷத்துப் பழைய புஸ்தகங்களிலிருந்து எங்கள் கம்பெனியின் பாத்தியதைகளைப் பெயர்த்தெழுதிய குமாஸ்தாக்களோடு நானும் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே சரிவின்மேல் தாத்தா, மகன், அந்நியன் என்று மூவர் பேரில் கிளெய்ம் ஏறியிருப்பது அங்கே சர்வ சாதாரணம்.

மரக்கம்புகளின் விலை ஏறியபோது பலரும் வெள்ளை பிளாஸ்டிக் குழாய்களுக்கு மாறினார்கள். கனமில்லாதவை, மலிவானவை, தூரத்திலிருந்தே கண்ணில் படுபவை. மரப்பொந்துகளில் கூடு கட்டும் சிறு பறவைகள் அந்தக் குழாயின் திறந்த வாயைப் பொந்தென்று எண்ணி உள்ளே இறங்கின; உட்புறம் வழவழப்பாக இருந்தபடியால் கால் பற்றவில்லை; விட்டம் குறுகலாக இருந்தபடியால் சிறகை விரிக்கவும் முடியவில்லை. கைவிடப்பட்ட கிளெய்ம் ஒன்றில் ஒரு குழாயைப் பிடுங்கி நான் தலைகீழாகக் கவிழ்த்தபோது, காய்ந்த இறகுகளும் விரல் நுனியளவு மண்டையோடுகளும், அவற்றின் மேல் நீலம் மங்காத ஒரு முழுச் சிட்டும் என் காலடியில் விழுந்தன. நெவாடா சட்டசபை 2009-இல் இந்தக் குழாய்களை அகற்ற வேண்டுமென்று சட்டம் செய்து, 2011 நவம்பருக்குப் பிறகு நிற்கும் குழாயை யாரும் பிடுங்கிப் போடலாம் என்று அனுமதித்தது. அதன் பின்னர் தொண்டர்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று ஆயிரக்கணக்கில் பிடுங்கினார்கள். சர்க்காரின் நிலத்தில் யார் எதை நட்டார்கள் என்பதைக் கேட்பாரில்லாத ஒரு முறையின் பலன் இது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

கிளெய்மை வைத்துக்கொள்வதற்கு வருஷத்துக்கு நூறு டாலர் பெறுமான வேலையை அதில் செய்ய வேண்டும் என்பது 1872-இன் நிபந்தனை. நூறு டாலர் அன்று ஒரு சுரங்கத் தொழிலாளியின் ஒரு மாத ஊதியத்துக்குக் குறையாதது. நான் போன காலத்தில் அது புல்டோசருக்கு ஓரிரண்டு மணி நேர வாடகை. கிளெய்ம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி நண்பகலில் புரளும் ஆதலால், ஆகஸ்டு மாதம் முழுவதும் மலைகளின் மேல் புல்டோசர்கள் உறுமிக்கொண்டே இருக்கும். வேலை செய்ததாகக் காட்ட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, தாதுவுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத சரிவுகளில் பாதை கீறுவார்கள்; பள்ளம் பறிப்பார்கள்; மறுவருஷம் அதன் பக்கத்திலேயே இன்னொன்று பறிப்பார்கள். மேற்கு மாநிலங்களின் குன்றுகளில் விமானத்திலிருந்து பார்த்தால் தெரியும் கோடுகளில் கணிசமான பாகம் இப்படிச் சட்டத்தின் நிர்ப்பந்தத்தினால் உண்டான வடுக்களே. 1992-இல் காங்கிரஸ் இதை நிறுத்தி, வேலைக்குப் பதிலாகக் கிளெய்முக்கு நூறு டாலர் ரொக்கமாகச் சர்க்காருக்குக் கட்டவேண்டும் என்று விதித்தது. மறுவருஷமே பாதிக்கும் மேற்பட்ட கிளெய்ம்கள் விழுந்துவிட்டன. என் ஆயுளில் நான் கண்ட மிகப் பயனுள்ள சீர்திருத்தம் எதுவென்று கேட்டால், பத்திரிகைகளில் தலைப்புக்கூடப் பெறாத இந்தச் சிறு மாற்றத்தைத்தான் சொல்வேன். இப்போது அந்தக் கட்டணம் 200 டாலர்.

தலைப்புகளைப் பெற்றது பட்டா விவகாரம். கிளெய்ம் வைத்திருப்பவன் தாதுவை நிரூபித்து ஏக்கருக்கு ஐந்து டாலர் கட்டினால், நிலத்தையே அவன் பேருக்குப் பட்டா செய்துகொடுக்கச் சர்க்கார் கடமைப்பட்டிருந்தது. ஆற்று மணலில் கிடக்கும் தாதுவானால் இரண்டரை டாலர். நெவாடாவில் கார்லின் ஊரைச் சுற்றிய பிரதேசத்தில் கண்ணுக்கும் உருப்பெருக்கிக்கும் புலப்படாத நுண்பொன் இருப்பதை 1961-இல் ஜான் லிவர்மோர் முதலான நிபுணர்கள் கண்டறிந்து, 1965-இல் அங்கே முதல் சுரங்கம் திறந்தபின், அந்தப் பட்டை உலகத்தின் பெரும் பொன்வயல்களுள் ஒன்றாயிற்று. அங்குள்ள கோல்ட்ஸ்ட்ரைக் சுரங்கத்துக்கு 1994 மே மாதத்தில், கோர்ட் உத்தரவின் பேரில், இன்டீரியர் இலாகா மந்திரி புரூஸ் பாபிட் பட்டாக்களில் கையெழுத்திட்டார். சுமார் 1,950 ஏக்கர்; வரவு பத்தாயிரம் டாலருக்கும் குறைவு; அடியில் கிடந்த பொன்னின் மதிப்பு ஆயிரம் கோடி டாலர் என்று அவரே நிருபர்களைக் கூட்டிச் சொன்னார். அந்த ஆத்திரத்தில் அதே வருஷம் அக்டோபரில் காங்கிரஸ் புதிய பட்டா மனுக்களை நிறுத்தி வைத்தது. நிறுத்தி வைத்ததே ஒழிய விதியை நீக்கவில்லை. வருஷந்தோறும் வரவுசெலவு மசோதாவில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்து அந்தத் தடையைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு வருஷம் அந்த வாக்கியம் விட்டுப்போனால் ஏக்கர் ஐந்து டாலர் மீண்டும் உயிர்பெறும் நிலைமையில்தான் ஒரு மகா தேசம் தன் மலைகளை வைத்திருக்கிறது.

பழைய சட்டத்துக்கும் புதிய சுரங்கத்துக்கும் உள்ள முரண்பாடு எனக்குப் பிரத்தியட்சமானது எண்பதுகளில். பொன் விலை 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர் வரை ஏறி இறங்கிய பின்னரும், டன்னுக்கு ஓரிரு கிராம் பொன் உள்ள கல்லையும் லாபத்தோடு கையாளும் வித்தை கைவந்துவிட்டது. கல்லை நொறுக்கி, பிளாஸ்டிக் விரிப்பின் மேல் மலைபோலக் குவித்து, அதன் தலையில் சயனைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அடியில் கசிந்து வரும் நீரிலிருந்து பொன்னைப் பிரிக்கும் முறை அது. இதில் பொன் பிரிந்தபின் எஞ்சுவதும், தாதுவே இல்லாமல் வெறுமனே பெயர்த்துக் கொட்டுவதுமான கல்லின் அளவு, எடுக்கும் பொன்னோடு ஒப்பிடக் கற்பனைக்கு எட்டாதது. கந்தகம் கலந்த கல்லாயிருந்தால் மழைநீரும் காற்றும் பட்டு அமிலமாக ஒழுகும். அப்படி ஒழுகத் தொடங்கிய நீர் நம் பேரன் காலத்திலும் ஒழுகும். நாலடி அகலத் தாதுநரம்பைத் தொடர்ந்து சுரங்கம் குடைந்தவனுக்காக அளந்து கொடுத்த இருபது ஏக்கர் கணக்கில் இந்தக் குவியல்களுக்கு இடம் எங்கே?

தாதுவில்லாத நிலத்தில் ஆலைக்காக ஐந்து ஏக்கர் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஒரு கிளெய்முக்கு ஓர் ஐந்து ஏக்கர்தான் என்று 1997-இல் இன்டீரியர் இலாகாவின் தலைமைச் சட்ட அதிகாரி ஜான் லெஷி அபிப்பிராயம் எழுதியபோது சுரங்க உலகமே கலங்கிற்று. அடுத்த கட்சியின் ஆட்சியில் 2003-இல் அது மாற்றப்பட்டது. கம்பெனிகள் வழக்கமாகச் செய்துவந்தது வேறு: கழிவு கொட்ட வேண்டிய இடத்திலும் தாதுக் கிளெய்ம்களையே நட்டுவிடுவார்கள், அதிகாரிகளும் அவற்றைச் செல்லுபடியானவை என்று வைத்துக்கொண்டு திட்டத்தை அங்கீகரிப்பார்கள். அரிஸோனாவில் டூஸான் நகரத்துக்குத் தெற்கே, சாண்டா ரீட்டா மலையில் ரோஸ்மாண்ட் செம்புச் சுரங்கத்துக்காக வன இலாகாவின் நிலத்தில் ஏறத்தாழ 2,400 ஏக்கரில் கழிவைக் கொட்ட அனுமதித்ததை, கழிவின் அடியில் தாது இருப்பதாக யார் நிரூபித்தார்கள் என்று கேட்டு 2019-இல் ஜில்லா கோர்ட் ரத்துச் செய்தது; 2022 மே மாதத்தில் ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. எதிர்காலத்தின் உலோகம் என்று போற்றப்படும் லித்தியத்துக்காக வடக்கு நெவாடாவில் தாக்கர் பாஸ் என்ற இடத்தில் திறக்கும் சுரங்கத்திலும் இதே கேள்வி எழுந்து, கோர்ட் அனுமதியை ரத்துச் செய்யாமல் குறையை மட்டும் 2023-இல் சுட்டிக்காட்டியது. நாங்கள் மலைமேல் நின்று எண்பதுகளில் பேசிக்கொண்ட விஷயம் கோர்ட்டின் வாயிலிருந்து வருவதற்கு இத்தனை காலம் சென்றது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமென்று நான் கருதும் பிணைத்தொகை விஷயத்துக்கு வருகிறேன். சுரங்கம் மூடியபின் நிலத்தைச் செப்பனிடும் செலவுக்காகக் கம்பெனியிடம் முன்கூட்டியே வாங்கி வைக்கும் ஜாமீன் அது. மத்திய நில நிர்வாக ஆபீஸின் கீழுள்ள நிலங்களில் சுரங்கத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1981-இல்தான் முதன்முதலாக அமலுக்கு வந்தன. அவற்றிலும் ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட வேலைக்கு ஓர் அறிவிப்புக் கடிதம் போதும், ஜாமீன் தேவையில்லை என்றிருந்தது. பெரிய சுரங்கங்களிலும், பணமாகக் கட்டாமல், எங்கள் ஆஸ்தி இவ்வளவு, நாங்களே செய்துவிடுவோம் என்று கம்பெனியே எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரத்தைப் பல இடங்களில் ஏற்றுக்கொண்டார்கள்.

தொண்ணூறுகளில் நான் தோண்டும் வேலையை விட்டு, மூடும் வேலையின் செலவைக் கணக்கிடும் தொழிலுக்கு மாறியிருந்தேன். பொன் விலை முந்நூறு டாலருக்கும் கீழே விழுந்த ஒரு குளிர்காலத்தில், வடக்கு நெவாடாவில் நடுத்தரக் கம்பெனி ஒன்று திவாலாயிற்று. மார்ச் மாதத் தொடக்கத்தில் என்னை அங்கே அழைத்துப் போனார்கள். வாசலில் காவல்காரன் இல்லை. சயனைடுக் குவியலின் அடியில் கரைசல் தேங்கும் குளங்கள் இரண்டும் விளிம்புக்கு ஒரு முழம் கீழே வரை நிறைந்திருந்தன. குவியலுக்கு மேல் பனி இளக ஆரம்பித்திருந்தது. அந்தக் கரைசலை மீண்டும் மேலே ஏற்றிச் சுழற்றிக்கொண்டே இருந்தால்தான் குளம் வழியாது. ஏற்றும் பம்புகளுக்கு டீசல் வேண்டும். டீசல் வியாபாரி பழைய பாக்கி தீராமல் ஒரு காலன்கூட இறக்க மறுத்துவிட்டார். சம்பளம் நின்றுபோன பின்னரும் இரண்டு தொழிலாளிகள் தங்கள் பிக்கப் வண்டிகளில் சொந்தச் செலவில் டீசல் கொண்டுவந்து ராத்திரியெல்லாம் பம்பை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ்ப்பள்ளத்தாக்கில் அவர்களுடைய உறவினரின் மாட்டுப் பண்ணை இருந்தது. ஜாமீன் எங்கே என்று கோப்பைப் புரட்டினால், கம்பெனி தன் பேரில் தானே எழுதிக் கொடுத்த உறுதிப் பத்திரம்தான் இருந்தது. எழுதிக் கொடுத்தவன் திவால்.

அன்றிலிருந்து ஒரு ஜாமீன் கணக்கு என் மேஜைக்கு வந்தால் முதலில் நான் பார்ப்பது, இந்த வேலையை யார் செய்வதாக வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். கம்பெனியின் சொந்த லாரி, சொந்த ஆள், சொந்த டீசல் என்று வைத்தால் செலவு குறைவாகத் தெரியும். ஆனால் ஜாமீனைத் தொட வேண்டிய நாளில் கம்பெனி இராது. கடன்காரர்கள் லாரிகளை ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். சர்க்கார் டெண்டர் விட்டு, நானூறு மைலுக்கு அப்பாலிருந்து வரும் கான்டிராக்டருக்கு அவன் கேட்கும் கூலியைக் கொடுத்து, யந்திரங்களை ஏற்றி இறக்கும் செலவையும் கொடுத்துச் செய்விக்க வேண்டும். டெண்டர் முடிகிறவரை குளங்கள் வழியாமல் பம்பு ஓட்டும் செலவு பெரும்பாலான கணக்குகளில் ஒரு வரியாகக்கூட இராது. அமிலநீரைச் சுத்தி செய்யும் நிரந்தரச் செலவோ, அது வராது என்று ஒரு நிபுணர் சொன்னதை நம்பி விட்டுவிடப்பட்டிருக்கும். கொலராடோவின் சம்மிட்வில் சுரங்கத்தை அதன் உடையவர்கள் 1992 டிசம்பரில் கைவிட்டுப் போனபோது சர்க்கார் சுத்திகரிப்புக்குச் செலவிட நேர்ந்தது 15 கோடி டாலருக்கு மேல். கையிலிருந்த ஜாமீன் அதில் சிறு துளி. மான்டானாவில் போர்ட் பெல்க்னப் பழங்குடியினரின் எல்லையோரத்து லிட்டில் ராக்கி மலைகளில் இருந்த ஜார்ட்மன், லாண்டஸ்கி சுரங்கங்களை நடத்திய பெகாஸஸ் கம்பெனி 1998-இல் திவாலாயிற்று. அங்கே நீரைச் சுத்தி செய்யும் ஆலைகள் முடிவில்லாமல் ஓட வேண்டியவை. அந்த வருஷமே மான்டானா மக்கள் வாக்கெடுப்பின் மூலம் புதிய திறந்தவெளிச் சயனைடுச் சுரங்கங்களைத் தடை செய்தார்கள்.

இந்தத் திவால்களின் பலனாக 2001 ஜனவரியில் அமலுக்கு வந்த விதிகள் சிறு ஆராய்ச்சி வேலைக்கும் ஜாமீன் கேட்டன. கம்பெனி தனக்குத் தானே எழுதும் புதிய உறுதிப் பத்திரங்களை ஏற்க மறுத்தன. அதே விதிகளில் இன்னொரு அம்சமும் இருந்தது. ஈடுசெய்ய முடியாத பெருங்கேடு விளையுமென்று கண்டால் அந்தச் சுரங்கத்துக்கு அனுமதி மறுக்கலாம் என்ற அதிகாரம் அது. கலிபோர்னியாப் பாலைவனத்தில் குவெச்சன் பழங்குடியினர் புனிதமாகப் போற்றும் பாதைகள் ஓடும் பூமியில் உத்தேசிக்கப்பட்ட இம்பீரியல் பொன்சுரங்கத்துக்கு பாபிட் தம் பதவிக் காலத்தின் கடைசி நாட்களில் அனுமதி மறுத்தார். அடுத்து வந்த மந்திரி கேல் நார்ட்டன் அந்த மறுப்பையும் ரத்துச் செய்தார். அதே வருஷ முடிவுக்குள் மறுக்கும் அதிகாரமும் விதிகளிலிருந்து நீக்கப்பட்டது. தோண்டிய குழியை நிரப்பியே ஆக வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் தன் பங்குக்கு விதித்தபின் கம்பெனி சர்வதேச நடுவர் மன்றம் வரை போய் 2009-இல் தோற்றது. அந்த மலை தப்பியது மத்திய சட்டத்தினால் அல்ல.

நில நிர்வாக ஆபீஸ்களில் நான் பழகிய அதிகாரிகளில் மிகப் பலர் யோக்கியர்கள், உழைப்பாளிகள், அந்த மலைகளைத் தங்கள் வீட்டு முற்றத்தைப் போல அறிந்தவர்கள். ஒரு மேய்ச்சல்காரனுக்கு இவ்வளவு மாடுதான் என்று அவர்கள் சொல்லலாம். எண்ணெய்க் கம்பெனிக்கு இந்த இடத்தைக் குத்தகைக்கு விட மாட்டோம் என்று சொல்லலாம். மரம் வெட்டுகிறவனுக்கு இந்த வருஷம் இல்லை என்று சொல்லலாம். சுரங்கக்காரனிடம் மட்டும் எப்படித் தோண்டலாம் என்று பேரம் பேச முடியுமே தவிர, இங்கே வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு நாவில்லை. கல்லறையோ, ஊற்றுக்கண்ணோ, மான் குட்டி ஈனும் பள்ளத்தாக்கோ எதுவாயினும், காங்கிரஸோ மந்திரியோ அந்த நிலத்தை முன்னமேயே விலக்கி வைத்திருந்தாலன்றிக் கம்பு நட்டவனுக்கே முதல் உரிமை. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஓரத்தில் நியூ வேர்ல்ட் சுரங்கம் வரவிருந்தபோது, அதைத் தடுக்க வேறு வழியின்றி 1996-இல் ஜனாதிபதி கிளின்டன் ஆறரைக் கோடி டாலர் பெறுமான ஆஸ்தியைக் கம்பெனிக்குக் கொடுத்து விலைக்கு வாங்க உடன்பட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மலைக்கும் ஒரு ஜனாதிபதியைத் தேட முடியுமா?

இவ்வளவும் இருக்க, வாஷிங்டனில் சண்டை நடந்ததெல்லாம் ராயல்டியைப் பற்றியே. நிலக்கரியும் எண்ணெயும் 1920-ஆம் வருஷச் சட்டத்தினால் குத்தகை முறைக்குள் வந்துவிட்டன. எண்ணெய்க்கு எட்டில் ஒரு பங்கு சர்க்காருக்குச் சேர்ந்தது. பொன்னுக்கும் செம்புக்கும் ஒரு செல்லாக்காசும் இல்லை. இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; சேலத்தான் எவனுக்கும் சந்தேகம் இராது. 1993-இல் பிரதிநிதிகள் சபை எட்டுச் சதவிகித ராயல்டியோடு ஒரு மசோதாவை நிறைவேற்ற, செனட் இலேசான வேறொன்றை நிறைவேற்ற, இரண்டையும் இணைக்கும் பேச்சு மறுவருஷம் முறிந்தது. 2007 நவம்பர் முதல் தேதி மேற்கு விர்ஜீனியாவின் நிக் ரகால் கொண்டுவந்த மசோதா, புதிய சுரங்கத்துக்கு எட்டு, நடக்கும் சுரங்கத்துக்கு நான்கு என்று விதித்து, 244-க்கு 166 வாக்கில் சபையில் வென்றது. அப்போது செனட்டில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராக இருந்த ஹாரி ரீட், ஸெர்ச்லைட் என்ற நெவாடாச் சிற்றூரில் சுரங்கத் தொழிலாளிக்குப் பிறந்தவர். எட்டுச் சதவிகிதம் தம் மாநிலத்தின் பிழைப்பைக் கெடுக்கும் என்று அவர் மெய்யாகவே நம்பினார். செனட்டில் மசோதா அசையவில்லை.

நெவாடாவின் எல்கோ நகரத்தில் அந்த மாதங்களில் சாப்பாட்டுக் கடையிலும் தேவாலய வாசலிலும் இதே பேச்சு. மொத்த விலையின் மேலா, செலவு கழித்த லாபத்தின் மேலா, நடக்கும் சுரங்கத்துக்கா, புதியதற்கா என்று விவாதிக்காத ஆள் இல்லை. லாரி ஓட்டும் இளைஞன் தன் வீட்டுக் கடனை நினைத்துப் பயந்தான். அந்தப் பயத்தை நான் அற்பமென்று நினைக்கவில்லை. ஆனால் அதே மேஜையில் உட்கார்ந்தவர்களிடம், கம்பெனி மூடினால் உங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு ஜாமீன் வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டாமென்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. கைகலக்காமல் பெறக்கூடியதாயிருந்த விஷயங்கள், கைகலந்தும் பெற முடியாத ஒரு விஷயத்தோடு கட்டப்பட்டு, மசோதாவுக்கு மசோதா அதனோடு சேர்ந்தே மூழ்கின.

பழைய சுரங்கங்களின் கதையும் இதில் அடங்கும். மத்திய நிலங்களில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளும் வாயில்களும் குவியல்களுமாகக் குறைந்தது 1,40,000 இருப்பதாகக் காங்கிரஸின் தணிக்கை ஆபீஸ் 2020-இல் கணக்குச் சொன்னது. தோண்டியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவற்றில் அமிலம் ஒழுகும் ஒரு வாயிலை ஒரு மீன்பிடிப்போர் சங்கமோ ஒரு கிராமமோ நல்லெண்ணத்தோடு சீர்செய்யத் தொட்டால், அன்றிலிருந்து அந்த நீர் முழுவதற்கும் அவர்களே பொறுப்பாளிகள் என்று நீர்த்தூய்மைச் சட்டம் பிடித்துக்கொண்டது. ஆகையால் யாரும் தொடவில்லை. 2015 ஆகஸ்டு 5-ஆம் தேதி கொலராடோவின் கோல்ட் கிங் சுரங்கத்தில் சர்க்கார் சுற்றுச்சூழல் இலாகாவின் வேலையாட்களே வாயிலைக் கிளறும்போது உள்ளே தேங்கியிருந்த முப்பது லட்சம் காலன் நீர் உடைத்துக்கொண்டு அனிமாஸ் நதியில் பாய்ந்து, நதி மஞ்சள் நிறமாய் ஓடியது. நான் பார்க்கப் போனபோது நிறம் தெளிந்துவிட்டிருந்தது. கரைக் கற்களின் மேல் துருப்போன்ற படலத்தை நகத்தால் சுரண்டினால் பிசுபிசுத்தது. இவ்வளவுக்குப் பின்னரும், நல்லெண்ணத்தோடு சீர்செய்பவர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் 2024 டிசம்பரில்தான் கையெழுத்தாயிற்று. பதினைந்து இடங்களுக்கு மட்டும், ஏழு வருஷப் பரீட்சையாக. இரு கட்சியாரும் சேர்ந்து அதை நிறைவேற்றினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் ராயல்டி என்ற சொல் இல்லை.

2023 செப்டம்பரில் பல இலாகாக்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, கடினப்பாறைக் கனிமங்களையும் குத்தகை முறைக்குள் கொண்டுவந்து நான்கிலிருந்து எட்டுச் சதவிகிதம் வரை ராயல்டி விதிக்கச் சிபாரிசு செய்தது. முடிவில் அங்கேதான் போய்ச் சேரவேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆயினும் ஓய்வு பெற்ற என்னிடம் யோசனை கேட்டு வரும் இளம் ஊழியர்களுக்கு நான் சொல்வது, மசோதாவைப் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள் என்பதே. அந்நியக் கான்டிராக்டரின் கூலியில் கணக்கிட்டு, ரொக்கமாகவோ பாங்கியின் பொறுப்பிலோ முன்கூட்டியே வாங்கும் ஜாமீன் முதலில். நீருக்கு நிரந்தரச் செலவு நேரும் என்று தெரிந்த சுரங்கத்தைத் திறக்கவே விடாத விதி அதன் பின். இங்கே வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் ஜில்லா அளவு அதிகாரிக்கு, அப்பீல் உரிமையோடு. பழைய குழிகளுக்காக, திறந்தவெளியில் வெட்டும் நிலக்கரிக்கு 1977-இல் டன்னுக்கு 35 சென்ட் என்று விதித்தார்களே, அதுபோலப் பெயர்க்கும் கல்லின் மேல் ஒரு சிறு கட்டணம். ராயல்டிக்கு வேறொரு மசோதா எழுதி, வேறொரு நாள் கொண்டுபோங்கள் என்கிறேன். சிலர் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள், சிலர் ராயல்டியில்லாத சீர்திருத்தம் சீர்திருத்தமாகுமா என்று என்னோடு வாதாடுகிறார்கள்.